நசிகேதனின் முதல் வரம்

ஜூன், ஜூலை மாதங்களில் ஆசிரமத்திற்கு வருகின்ற அன்பர்களில் ஒரு சாரார் வெளிநாடுகளில் வாழ்பவர்கள். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை அப்போதுதான் கிடைக்கிறது. தாத்தா, பாட்டியைப் பார்க்க வந்தவர்கள் எங்களிடமும் ஓரிரு நாள் தங்கிச் செல்கிறார்கள். புறப்படுவதற்கு முன் பெற்றோர் தனியே வந்து அமர்ந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான்: ‘சுவாமிஜி, பிள்ளைகள் நம் பண்பாட்டை விட்டுவிடாமல் வளர வழி என்ன?’

இதைக் கேட்கும்போது அவர்களுடைய முகத்தில் தெரிவது அறிந்துகொள்ளும் ஆவல் அன்று, அச்சம். அதைக் குறை கூறுவதற்கில்லை. பிறந்த மண்ணில் ஒரு குழந்தையைக் கோயில் மணியோசையும், அண்டை வீட்டுக் கோலமும், திருவிழாவும், உறவினரின் திருமணமும் சேர்ந்து வளர்க்கின்றன. ஊரார் நூறு பேர் தம்மை அறியாமலே செய்கின்ற அந்த வேலையை அயல்நாட்டில் தாயும் தந்தையும் மட்டுமே செய்தாக வேண்டியிருக்கிறது. அதுவும் இருவரும் வேலைக்குச் சென்று திரும்பிய பிறகு.

ஒரு முறை நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த ஒரு தந்தை மனவருத்தத்துடன் இதைச் சொன்னார். அவருக்குப் பதினைந்து வயதில் ஒரு மகள். ஞாயிறுதோறும் நாற்பது நிமிடம் காரோட்டி அவளைச் சமய வகுப்பிற்கு அழைத்துச் செல்வார். பத்தாண்டுகளாக ஒரு வாரமும் தவறியதில்லை. ஒருநாள் அவள் காரிலிருந்து இறங்க மறுத்துவிட்டாள். ‘அப்பா, என்னை இறக்கிவிட்டு நீங்கள் வகுப்பு முடியும்வரை காரிலேயே அமர்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே அவ்வளவு நல்லது இருக்கிறது என்றால் நீங்கள் ஏன் வருவதில்லை?’ என்று கேட்டாளாம்.

‘நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?’ என்று வினவினேன்.

‘பெரியவர்களிடம் இப்படிப் பேசுவது நம் பண்பாடு அல்ல என்று கண்டித்தேன்’ என்றார்.

அந்தப் பெண்ணின் கேள்வி புதியதன்று. உபநிஷதக் காலத்திலேயே ஒரு சிறுவன் தன் தந்தையிடம் ஏறத்தாழ இதையே கேட்டிருக்கிறான்.

தானமாகச் சென்ற பசுக்கள்

கட உபநிஷதத்தின் தொடக்கத்தை நம்மில் பலரும் அறிவோம். வாஜசிரவஸ் என்பவர் தம்மிடமுள்ள அனைத்தையும் கொடுத்துவிட வேண்டிய வேள்வி ஒன்றைச் செய்கிறார். மகன் நசிகேதன் அருகில் நின்று பார்க்கிறான். தானமாக ஓட்டிச் செல்லப்படுபவை எத்தகைய பசுக்கள்? குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து முடித்தவை, மேய வேண்டிய புல்லை மேய்ந்து முடித்தவை, கறக்க வேண்டிய பாலைக் கறந்து தீர்ந்தவை, இனிக் கன்று ஈனாதவை. வேள்வி நடக்கிறது, மந்திரங்கள் ஒலிக்கின்றன, சடங்குகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கொடுப்பவர் எதையும் இழக்கவில்லை.

அந்தக் கணத்தில் சிறுவனுள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷதம். இந்தச் சொல்லைத் தமிழாக்கும்போதெல்லாம் எனக்குக் கை தயங்கும். ‘நம்பிக்கை’ என்று எழுதினால் பாதிப் பொருள்தான் வருகிறது. சாஸ்திரம் சொல்வது உண்மை, ஆகவே அதை உண்மையாகவே செய்ய வேண்டும் என்ற உறுதியும் அதில் அடங்கியிருக்கிறது. அந்த உறுதி வந்ததால்தான் சிறுவனால் சும்மா இருக்க முடியவில்லை. ‘தந்தையே, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?’ என்று கேட்கிறான். ஒருமுறை கேட்டான், பதிலில்லை. மீண்டும் கேட்டான். மூன்றாம் முறை கேட்டதும் தந்தை பொறுமையிழந்து, ‘உன்னை எமனுக்குக் கொடுத்தேன்’ என்றார்.

ஆதிசங்கரர் இவ்விடத்தில் சிறிய விளக்கம் ஒன்றைத் தருகிறார். பலரும் அதைக் கடந்து சென்றுவிடுகிறோம். சிறுவனுக்குள் எழுந்த சிரத்தை தந்தையின் நன்மையை விரும்பி எழுந்தது என்கிறார் அவர். குற்றம் காண்பதற்காகவோ தந்தையை அவமதிப்பதற்காகவோ நசிகேதன் கேட்கவில்லை. இப்படிக் கொடுத்தால் தந்தைக்கு நற்பயன் கிட்டாதே என்ற தவிப்பில் கேட்கிறான்.

நியூஜெர்சி அன்பருக்கு இதைத்தான் எடுத்துக் கூறினேன். பத்தாண்டுகள் வகுப்பிற்குச் சென்ற அந்தப் பெண் அங்கே ஒன்றும் கற்கவில்லை என்று அவர் எண்ணியிருந்தார். அவள் நன்றாகவே கற்றிருக்கிறாள். கற்றதை உண்மையென்று எடுத்துக்கொண்டதால்தான், உண்மையான ஒன்று தன் தந்தைக்கு ஏன் வேண்டாததாயிற்று என்று கேட்கிறாள். ‘எனக்குக் கொடுப்பதை நீங்களும் உண்ணுங்கள்’ என்று தந்தையிடம் சொல்லும் குழந்தையை அடங்காத குழந்தை என்பது சரியா?

அச்சத்தில் எழுந்த கோயில்கள், அன்பில் எழுந்த கோயில்கள்

அமெரிக்காவில் குடியேறிய நம் மக்களின் வரலாறு நீண்டது. ஆனால் இன்று அங்கே வாழ்கின்ற பெரும்பாலான இந்தியக் குடும்பங்களுக்கு வழி திறந்தது 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம்தான். அதன் பிறகு மருத்துவர்களும் பொறியாளர்களும் ஆய்வு மாணவர்களும் ஆயிரக்கணக்கில் சென்றனர். முதல் பத்தாண்டில் அவர்களுடைய கவனம் முழுவதும் தொழிலில் காலூன்றுவதில் இருந்தது. பிள்ளைகள் பேசத் தொடங்கி, பள்ளிக்குச் செல்லத் தொடங்கியபோதுதான் கோயிலைப் பற்றிய எண்ணம் வலுப்பெற்றது. நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில் விநாயகருக்கு 1977 ஜூலை 4ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. அமெரிக்கா தன் சுதந்திரத்தைக் கொண்டாடும் நாள் அது. அதே ஆண்டில் பிட்ஸ்பர்க்கில் வேங்கடேசப் பெருமாளும் எழுந்தருளினார். கைப்பணத்தைப் போட்டு, இந்தியாவிலிருந்து சிற்பிகளை வரவழைத்து, விடுமுறை நாள்களில் தாங்களே உழைத்து அந்தத் தலைமுறையினர் இவற்றை எழுப்பினார்கள். அந்தத் தியாகத்தை வணங்கிவிட்டே மேலே சொல்ல வேண்டும்.

இன்று அத்தகைய கோயில்கள் பல நூறு. பல இடங்களில் சமய வகுப்பும் மொழி வகுப்பும் பரதநாட்டியமும் கர்நாடக இசையும் கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் அன்பர்களின் அச்சம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஏன்?

‘பண்பாடு’ என்ற தமிழ்ச் சொல்லும், அதற்கு இணையாக ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் நிலத்தோடு தொடர்புடையவை என்பது மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட காலத்தில் எனக்கு வியப்பளித்த ஒன்று. பண்படுத்துதல் என்றால் நிலத்தை உழுது, களையெடுத்து, பக்குவப்படுத்துதல். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் உழவையே குறிக்கிறது. ஆக, பண்பாடு என்பது ஒருவர் தன் நிலத்தில் செய்ய வேண்டிய வேலை. பரம்பரை நகையைப் போல் பெட்டியில் வைத்துக் காத்து, வயது வந்ததும் மகளின் கையில் ஒப்படைத்துவிடக் கூடிய பொருள் அன்று. நகையாக நினைக்கும்போதுதான் தொலைந்துவிடுமோ என்ற அச்சம் வருகிறது. ‘நீ அவர்களைப் போல் ஆகிவிடக் கூடாது’ என்பதற்காகவே கோயிலுக்கு அழைத்துச் செல்லப்படும் குழந்தை, கோயிலில் கடவுளைப் பார்ப்பதில்லை. ஒரு வேலியைப் பார்க்கிறது. வேலியைத் தாண்டிப் பார்க்க விரும்புவது பிள்ளைகளின் இயல்பு.

டர்பனில் ஒரு தந்தை

இந்தச் சோதனை நம் தலைமுறைக்கு மட்டும் வந்ததன்று. 1897 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் மூன்று சிறுவர்களுடன் வந்து இறங்கினார் மோகன்தாஸ் காந்தி என்ற வழக்கறிஞர். ஒன்பது வயதும் ஐந்து வயதும் உடைய தம் மகன்கள் இருவர், பத்து வயதில் சகோதரியின் மகன். இவர்களை எங்கே படிக்க வைப்பது? வெள்ளையர் குழந்தைகளின் பள்ளியில், தனிச் சலுகையாக, இடம் கிடைத்திருக்கும். வேறு இந்தியக் குழந்தைகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. பிறருக்கு இல்லாத சலுகையைத் தம் மக்களுக்கு மட்டும் பெற அவர் விரும்பவில்லை. வீட்டில் ஆங்கிலேய ஆசிரியை ஒருவரை அமர்த்தினார். பிள்ளைகளோடு குஜராத்தி மொழியிலேயே பேசினார். குழந்தைகள் ஆங்கிலத்தில் பேசி வளர்ந்தால் வாழ்க்கையில் முன்னேறலாமே என்று நண்பர் போலக் வாதாடியதையும், தாம் அதை மறுத்ததையும் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பிறகு 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. காலன்பாக் என்ற நண்பர் தந்த நிலம் அது. அங்கே இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவக் குழந்தைகள் ஒன்றாக வளர்ந்தனர். அவர்களில் தமிழ்ச் சிறுவர்களும் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்களாதலால் தமிழ் சிறிதளவே தெரியும், எழுத்துத் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் எழுத்தும் அடிப்படை இலக்கணமும் கற்பித்தவர் காந்திஜியே! போப் ஐயரின் கையேட்டிலிருந்து கப்பல் பயணத்திலும் சிறையிலும் கற்ற தமிழ் அவருடையது. பேச்சுத் தமிழில் மாணவர்களே அவரைவிடத் தேர்ந்தவர்கள். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் அவரைக் காண வந்தால் அந்தச் சிறுவர்கள்தாம் மொழிபெயர்த்துச் சொல்வார்கள். தம் அறியாமையை அவர்களிடம் ஒருபோதும் மறைக்கவில்லை, அதனால் அவர்களுடைய அன்பையும் மதிப்பையும் தாம் இழக்கவில்லை என்று அவரே குறிப்பிடுகிறார்.

பெற்றோர் இதைச் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும். ‘அம்மா, விநாயகருக்கு ஏன் யானைத் தலை?’ ‘நாம் ஏன் சாதி பார்க்கிறோம்?’ ‘கர்மம் என்றால், என் தோழி நோயில் விழுந்தது அவளுடைய தவறா?’ என்றெல்லாம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்நாட்டுப் பள்ளிகளில் கேள்வி கேட்பது நல்ல மாணவனின் அடையாளம். வகுப்புத் தோழரும் அவர்களிடம் இவற்றைக் கேட்கிறார்கள். விடை தெரியாத பெற்றோர், ‘இது நம் சம்பிரதாயம், கேள்வி கேட்காதே’ என்று முடித்துவிடுகிறார்கள். தெரியாது என்று சொன்னால் மதிப்புக் குறையும் என்று எண்ணுகிறார்கள். ‘எனக்கும் தெரியவில்லை, வா, சேர்ந்து படிப்போம்’ என்று ஒரு தாய் சொல்வாளானால், அந்த வீட்டில் அன்றே குருகுலம் தொடங்கிவிடுகிறது. நமது உபநிஷதங்கள் பெரும்பாலும் கேள்வியிலிருந்து பிறந்தவை அல்லவா? சாதி போன்றவற்றில் நம் சமுதாயம் இழைத்த தவறுகளைப் பற்றிக் கேட்கும்போது மழுப்பாமல் தவறு என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். பிள்ளைகள் பிறகு எப்படியும் தெரிந்துகொள்வார்கள். நாம் மறைத்தோம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

பண்ணையில் இன்னொரு விதி இருந்தது. ஆசிரியர்கள் செய்யாத எதையும் குழந்தைகளைச் செய்யச் சொல்லக் கூடாது. குழி தோண்டுவதாயினும் மரம் வெட்டுவதாயினும் ஓர் ஆசிரியர் கூடவே நின்று வேலை செய்வார். முஸ்லிம் சிறுவர்கள் ரமலான் நோன்பு இருந்தபோது மற்றவர்களும் அவர்களோடு சேர்ந்து நோன்பு இருந்தார்கள். தன் சமயத்தில் வேரூன்றுவதற்குப் பிறர் சமயத்தை இகழ வேண்டிய தேவையில்லை என்பதை அந்தக் குழந்தைகள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை.

இதனால் காந்திஜியின் பிள்ளை வளர்ப்பில் குறையே இல்லை என்று கூறிவிட முடியாது. முறையான பள்ளிக்கல்வி தங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருடைய மக்களுக்கு இருந்தது. மூத்த மகன் ஹரிலால் 1911இல் தந்தையைப் பிரிந்து படிப்பதற்காக இந்தியாவுக்குத் திரும்பினார். அந்தப் பிளவு பின்னர் ஆறவே இல்லை. தந்தையின் கொள்கை உயர்ந்தது. தந்தை அதைத் தாமும் வாழ்ந்து காட்டியவர். அப்படியும் ஒரு மகனின் மனத்தை எட்ட முடியவில்லை. பண்ணையில் பிறர் குழந்தைகள் பெற்ற திறந்த மனத்தைச் சொந்த மகன் பெற்றாரா என்பதை அறிஞர்கள் பலவாறு எழுதுகிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: முன்மாதிரியாக வாழ்வது இன்றியமையாதது, ஆனால் அது மட்டும் போதாது. பிள்ளை சொல்வதைக் கேட்கும் செவியும் வேண்டும்.

மொழி போனபின் எஞ்சியது

அதே டர்பனுக்கு 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பலில் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கினர். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த அவர்களில் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. அவர்களுக்கு வார இறுதி வகுப்பு கிடையாது. ஊருக்குத் திரும்பிச் செல்ல விமானமும் கிடையாது. ஓய்ந்த நேரத்தில் மண்ணாலும் தகரத்தாலும் சிறு கோயில் எழுப்பி மாரியம்மனையும் முருகனையும் வணங்கினார்கள்.

அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலமே. இது பேரிழப்பு, மொழி போனால் போகட்டும் என்று எவரும் சொல்ல வேண்டாம். ஆனாலும் நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தைப்பூசத்தன்று அங்கே காவடி எடுக்கிறார்கள், விரதமிருந்து தீமிதிக்கிறார்கள். அந்த முதல் தலைமுறையினர் இவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதற்காகச் செய்யவில்லை. கங்காணியின் சாட்டைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே அம்மனைத் தவிர வேறு துணை இல்லாததால் செய்தார்கள். பக்கத்தில் நின்ற பிள்ளை அதைப் பார்த்தது. தாயின் கண்ணீரையும், கும்பிட்ட பிறகு அவள் முகத்தில் வந்த தெளிவையும் பார்த்தது. எதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று அதற்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே அன்பர்களுக்கு நான் முதலில் சொல்வது, பிள்ளைகளுக்காகப் பூஜை செய்யாதீர்கள் என்பதுதான். உங்களுக்காகச் செய்யுங்கள். காலையில் பத்து நிமிடமானாலும், பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும், விளக்கேற்றி அமருங்கள். வேலை போகும் என்ற நிலையிலும், விசா நீட்டிப்புக்குக் காத்திருக்கும் மாதங்களிலும், ஊரில் தாய் மறைந்த செய்தி வந்த இரவிலும் நீங்கள் எங்கே போய் அமர்கிறீர்கள் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

எமலோகத்திலிருந்து ஒரு வேண்டுகோள்

நசிகேதனிடம் திரும்புவோம். தந்தையின் சொல்லை ஏற்று எமனுலகம் சென்றான். எமதர்மன் வீட்டில் இல்லை. மூன்று இரவுகள் உண்ணாமல் காத்திருந்தான். திரும்பி வந்த எமன் மூன்று வரங்கள் அளித்தான். மூன்றாவது வரமாக அவன் கேட்ட ஆத்ம ஞானத்தைப் பற்றியே நாம் எப்போதும் பேசுகிறோம். அவன் முதலில் கேட்டது என்ன? தந்தையின் மனம் அமைதியடைய வேண்டும், தன்மீது கொண்ட சினம் தணிய வேண்டும், தான் திரும்பிச் செல்லும்போது அவர் தன்னை அடையாளம் கண்டு அன்போடு வரவேற்க வேண்டும்.

நம் பெற்றோர் சென்றறியாத ஓர் உலகிற்குள் அயல்நாட்டில் வளரும் பிள்ளை நாள்தோறும் சென்று திரும்புகிறது. காலை எட்டு மணிக்கு வீட்டுப் படியிறங்கினால் வேறு மொழி, வேறு உணவு, வேறு நகைச்சுவை, வேறு விழாக்கள். பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஆசிரியர். மதிய உணவு டப்பாவைத் திறந்ததும் முகம் சுளிக்கும் தோழன். மாலையில் வீடு திரும்பினால் ‘என்ன, அமெரிக்கப் பெண்ணாகவே ஆகிவிட்டாயா?’ என்று இங்கேயும் ஒரு குத்தல். அங்கே அந்நியன், இங்கேயும் அந்நியன் என்றால் அந்தக் குழந்தை எங்கே போகும்? நசிகேதன் கேட்ட முதல் வரத்தைத்தான் அதுவும் கேட்கிறது. வாய்விட்டுக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவே.

பிறந்து வளர்கின்ற நாட்டை அது நேசிப்பதில் தவறொன்றுமில்லை. ஆயர்பாடியில் வளர்ந்த கண்ணன் அதை அயலூர் என்று எண்ணி வளரவில்லை. அந்நாட்டில் வாழ்ந்து, அந்நாட்டின் ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு, இரவு உணவின்போது அந்நாட்டு மக்களுக்கு ஒழுக்கமில்லை, குடும்பமில்லை என்று பேசுவது நன்றி மறத்தலாகும். பிள்ளையின் தோழர்களும் ஆசிரியர்களும் அந்த மக்கள்தாமே! அவர்களுள் முதியோரைப் போற்றுபவர்களையும் உண்மை பேசுபவர்களையும் அது தினமும் காண்கிறது. நாம் சொல்வது பொய் என்று அதற்குத் தெரிந்துவிட்டால், நாம் நம் தர்மத்தைப் பற்றிச் சொல்வதையும் சந்தேகிக்கத் தொடங்கும்.

ஒருநாள் அந்தப் பிள்ளை பெற்றோருக்குப் பிடிக்காத முடிவோடு வந்து நிற்கலாம். விரும்பிய படிப்பாக இருக்கலாம், வேறு நாட்டவரோடு திருமணமாக இருக்கலாம். கருத்தைச் சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு, கவலையையும் சொல்லலாம். ஆனால் வாஜசிரவஸ் சொன்ன சொல்லை மட்டும் சொல்லிவிடக் கூடாது. ‘இனி எனக்கு மகனே இல்லை’ என்று சினத்தில் சொல்லிவிட்டு, இருபது ஆண்டுகளாகப் பேரக்குழந்தையின் முகம் காணாமல் இருக்கும் முதியவர்களை நான் அறிவேன்.

இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் இந்தியாவிலேயே இருக்கும் தாத்தா, பாட்டிகள். உங்களுக்கும் இதில் பங்குண்டு. வாரம் ஒருமுறை வீடியோவில் பேரனைப் பார்க்கும்போது, ‘தமிழில் பேசு’ என்று அதட்டி, அவன் திக்கித் திணறிப் பேசியதும் எல்லாரையும் கூப்பிட்டுச் சிரிக்காதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் அது செல்லமான விளையாட்டாக இருக்கலாம். மறுவாரம் அவன் ‘ஹலோ’ சொல்லிவிட்டுப் போய்விடுவான். அதற்குப் பதிலாக ஒரு கதையைத் தொடங்குங்கள். பிரகலாதனாகட்டும், துருவனாகட்டும், உங்கள் ஊர்க் குளத்தில் நீங்கள் நீச்சல் பழகிய கதையாகட்டும். பாதியில் நிறுத்தி, மீதியை அடுத்த ஞாயிறு சொல்வதாகக் கூறுங்கள். அவனுக்குத் தெரியாத சொல் வந்தால் அவனுடைய மொழியில் அதற்கு என்ன பெயர் என்று நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவன் பள்ளியில் என்ன பாட்டுப் பாடினான், பனியில் எப்படிச் சறுக்கி விழுந்தான் என்று அவன் சொல்லும் கதைக்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.